காயலாங்கடையில ஒரு எழுத்தாளர்

கேள்வி: செக் எழுத்தாளர் ஹ்ரபால் பத்தி ஃப்ரெண்ட் ஓவரா சொல்றான். கம்யூனிஸ்ட் ஆட்சியில புக்கை தடை பண்ணிட்டா அந்த ஆள் எப்படித்தான் எழுதுனார் சார்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: பொஹுமில் ஹ்ரபால். 1914ல பிறந்தவர், சட்டத்துல டாக்டர் பட்டம் வாங்கியும் கோர்ட் பக்கம் போகாம ரயில்வே, இரும்பு ஆலைன்னு சுத்திட்டு 1954ல ப்ராக்ல பழைய பேப்பரை மெஷின்ல போட்டு நசுக்கி கட்டு கட்டுற வேலைக்கு சேர்ந்தார். நம்ம தெரு காயலாங்கடையில தராசுல பேப்பர் போடறப்போ நடுவுல ஒரு நல்ல புக் எட்டிப் பாக்குமே, உருவி எடுக்கலாமான்னு கை துறுதுறுங்கும்ல, அதையே வச்சு 'டூ லவுட் எ சாலிட்யூட்'னு ஒரு நாவல். ஹீரோ 35 வருஷமா புக்கை நசுக்குறவன், நல்லதை மட்டும் வீட்டுக்கு தூக்கிட்டுப் போயிடுவான், கட்டில் மேல ரேக் அடிச்சு அடுக்கி, என்னிக்கு மேல விழுமோன்னு பயந்துகிட்டே தூங்குவான்!

1968ல சோவியத் டாங்க் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள்ள வந்ததுக்கப்புறம் இவர் புக்கும் கூழாச்சு. இந்த நாவலே டைப்ரைட்டர்ல கார்பன் வச்சு அடிச்சு கைக்கு கை போனதுதான், அரசு அனுமதியோட வர 1989 ஆச்சு.

1975ல ஆட்சிக்கு சாதகமா ஒரு பேட்டி குடுத்தார், புக் வெளிவரணுமேன்னு. சில இளைஞர்கள் கடுப்பாகி அவர் புக்கையே கொளுத்துனாங்க. எனக்கு அவர் மேல கோவம் வரல, வெட்டிக் குறைச்சாவது சிலது வந்துச்சே.

முதல்ல 'க்ளோஸ்லி வாட்ச்ட் ட்ரெயின்ஸ்' படிங்க, சின்ன புக், படமாவும் வந்து ஆஸ்கர் வாங்குச்சு.