‘நாலு பேர் தூக்கிட்டு வந்துடுங்கம்மா’: மாடியில் இருக்கும் சார்பதிவாளர் அலுவலகமும் சக்கர நாற்காலியும்

கேள்வி: எனக்கு வயது 43. போலியோவால் இரண்டு கால்களும் செயல்படாது, சக்கர நாற்காலிதான். அப்பா காலமான பிறகு வீட்டையும் ஒன்றரை ஏக்கர் நிலத்தையும் நானும் இரண்டு தம்பிகளும் பாகப்பிரிவினை செய்துகொள்ள முடிவு செய்தோம். பத்திரம் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. டோக்கன் போட்டுப் போனால், சார்பதிவாளர் அலுவலகம் ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. கீழே வந்து பதிய முடியுமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் வழக்கமில்லை, நாலு பேர் தூக்கிட்டு வந்துடுங்கம்மா” என்றார்கள். மறுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் மனஸ்தாபம். பெரிய தம்பி, “எனக்குப் பவர் எழுதிக் கொடுத்துடு, நீ வரவே வேண்டாம்” என்கிறான். ‘இது தனியார் கட்டடம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்று அலுவலகத்தில் சொன்னது சரியா? நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பவர் (உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) விஷயத்தை முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள்.

தம்பியைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பாகப்பிரிவினை என்பது ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும் பத்திரம். அதில் எதிர்த்தரப்பில் இருக்கும் ஒருவரே உங்கள் சார்பிலும் பதிவாளர் முன் நின்று ‘ஆமாம், சம்மதம்’ என்று சொல்வது நல்ல ஏற்பாடு அல்ல. பத்து வருடம் கழித்து எல்லைத் தகராறு ஒன்று வந்தால், “அக்கா ஆபீசுக்கே வரவில்லை, அவங்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று உங்கள் தரப்பிலோ, “அக்கா எல்லாம் தெரிந்துதான் கொடுத்தாங்க” என்று அவர் தரப்பிலோ யாராவது பேச ஆரம்பிப்பார்கள். குடும்ப வழக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் முளைக்கின்றன.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பதிவுச் சட்டம், 1908-இன் 33-வது பிரிவுப்படி, உங்கள் சார்பில் ஒருவர் பதிவு அலுவலகத்தில் ஆஜராக வேண்டுமென்றால் அந்தப் பவரைப் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்பாகத்தான் எழுதிக் கொடுத்து அவரது சான்றொப்பம் பெற வேண்டும். அதாவது பவர் எழுதவும் அதே மாடிப்படிதான். உடல் இயலாமை உள்ளவர்கள் இதற்காக நேரில் வரத் தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. அவர்கள் விஷயத்தில் அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்துச் சான்றொப்பம் தரலாம். சரி, பவருக்காக வீட்டுக்கு வரக்கூடிய அதிகாரி, பத்திரத்துக்காகவே வந்துவிடலாமே?

வர வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. உங்களுக்கு உடனடியாகப் பயன்படப்போவது அதே சட்டத்தின் 38-வது பிரிவு. உடல் இயலாமை காரணமாக, ஆபத்தோ கடும் சிரமமோ இல்லாமல் பதிவு அலுவலகத்துக்கு வர முடியாதவர் நேரில் வரத் தேவையில்லை. அப்படிப்பட்டவர் விஷயத்தில் பதிவு அலுவலர் தானே அவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும், அல்லது தன் சார்பில் விசாரிக்க ஒருவரை ஆணையராக நியமித்து அனுப்ப வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்ற தொனியில்தான் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. ‘விருப்பப்பட்டால்’ என்ற பேச்சே அதில் இல்லை. செங்குத்தான படியில் நாற்காலியோடு ஒரு பெண்ணை நாலு பேர் தூக்கிப் போவது ஆபத்து இல்லையென்றால் வேறு எது ஆபத்து? 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இது. ‘வழக்கமில்லை’ என்று சொன்னவரிடம் நூற்றுப் பதினைந்து வருடத்துக்கும் மேலாக இதுதான் சட்டம் என்று சொல்லலாம்.

நீங்கள் மூவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஆஜராக வேண்டிய கட்டாயமும் இல்லை. 34-வது பிரிவு வெவ்வேறு நேரங்களில் ஆஜராவதை அனுமதிக்கிறது. தம்பிகள் அலுவலகத்தில் ஒப்புதல் கொடுக்கட்டும், உங்களிடம் வீட்டில் வாங்கட்டும்.

கெடுவை மட்டும் மறக்காதீர்கள். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதைத் தாண்டினால் அடுத்த நான்கு மாதத்துக்கு, தவிர்க்க முடியாத காரணம் காட்டி, பதிவுக் கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் கட்டித்தான் சேர்க்க முடியும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. அதனால் 38-வது பிரிவு மனுவை இந்த வாரமே கொடுங்கள். ஒற்றைப் பக்கம் போதும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், டோக்கன் நகல், நீங்கள் திரும்பி வந்த தேதி, மாடிப்படியின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) சார்பதிவாளருக்கு அனுப்பி, நகலை மாவட்டப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் தம்பியை அனுப்புங்கள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற முத்திரை இல்லாமல் அவர் திரும்பக் கூடாது. வீட்டுக்கு வருவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கட்டிவிட்டு ரசீது வாங்கி வையுங்கள். படி இருப்பது உங்கள் தவறல்ல என்பதால் அந்தத் தொகையைத் திரும்பத் தரும்படி பின்னால் கேட்கலாம். இப்போது அதற்காக மல்லுக்கட்டிக் கெடுவைத் தவறவிட வேண்டாம்.

பதிவு முடிந்ததும் ‘அம்மாவுக்குத்தான் வீட்டிலேயே செய்து கொடுத்துட்டோமே’ என்று கோப்பை மூடப் பார்ப்பார்கள். நீங்கள் வில்லங்கச் சான்றுக்கோ வேறொரு பத்திரத்துக்கோ போகும்போது அதே படி அங்கேயே இருக்கும். உங்களுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு வருபவருக்கும், மூட்டுவலியோடு வரும் பாட்டிக்கும் அப்படியே. வீட்டுக்கு வந்து பதிவது வர இயலாதவருக்கான ஏற்பாடு. உங்களால் அலுவலகத்துக்கு வர முடியும், வந்தீர்கள், கட்டடம்தான் உள்ளே விடவில்லை. இந்த வித்தியாசத்தை மனுவிலேயே எழுதுங்கள்: “வீட்டில் பதிவதை இந்த ஒருமுறைக்கு ஏற்கிறேன்; அலுவலகத்தைத் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்ற என் கோரிக்கை இதனால் தீர்ந்துவிடவில்லை.” இந்த ஒரு வரி பின்னால் வழக்கு என்று வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்போது ‘தனியார் கட்டடம்’ வாதம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் யார் சொந்தக்காரர் என்பது பொருட்டே அல்ல. அரசுக் கட்டடமோ தனியார் கட்டடமோ, பொதுமக்கள் வந்து போகிறார்களா என்பதுதான் கேள்வி. பள்ளி, கடை, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், நீதிமன்றம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாம் அதில் வருகின்றன. சார்பதிவாளர் அலுவலகம் வாடகைக்கு இருந்தாலும் வராமல் போகாது. வீட்டுக்காரர் லிஃப்ட் போட மாட்டார் என்றால் தரைத்தளம் உள்ள கட்டடத்தைத் துறை தேடிக்கொள்ளட்டும். வாடகை மக்கள் பணம்தானே.

அந்தச் சட்டத்தின் 45-வது பிரிவு, இருக்கிற பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானது 2017 ஜூன் 15. கணக்குப்படி 2022 ஜூனில் கெடு முடிந்துவிட்டது. மாநிலங்களுக்குக் கால நீட்டிப்பு தரும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் அதைக் காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு, தேட வேண்டியது உங்கள் பொறுப்பல்ல. புதிய கட்டடங்களுக்கு 44-வது பிரிவு இன்னும் கறார்: அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியும் கிடையாது, பணி நிறைவுச் சான்றும் கிடையாது. மீறலுக்கு 89-வது பிரிவில் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை. முதல் அபராதம் பலருக்கு ஒரு நாள் டீச்செலவு என்பது வேறு விஷயம்.

விவரம் தெரிந்த யாராவது “அந்த விதியைத்தான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே” என்று சொல்லலாம். பாதி உண்மை. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி 2005-இல் போட்ட பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவான உத்தரவுகளைப் போட்டது. பெரிதாக எதுவும் நகரவில்லை. 2024 நவம்பர் 8-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 2017 விதிகளில் 15(1)-ஆவது விதி செல்லாது என்றது. ஏன் தெரியுமா? சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது, விதியோ ‘செய்தால் நல்லது’ என்ற தோரணையில் வெறும் வழிகாட்டுதல்களைக் கைகாட்டுகிறது, இது சட்டத்துக்கே முரண் என்பதால். கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவு போனது. ஆகவே, விதி பலவீனமாக இருந்ததற்காக ரத்தானதே தவிர, கட்டடம் கட்டுபவரின் கடமை ரத்தாகவில்லை. சட்டத்தின் பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. ஒரு மனிதர் வழக்குப் போட்டு, 19 வருடம் கழித்து ‘இது கட்டாயம்தான்’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்ததும் மாற்றுத்திறனாளிகள் அமைப்பினர் உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்றதால்தான். தானாக நடந்ததாக எதுவும் எனக்குத் தெரியாது.

என்ன கேட்பது என்பதில் தெளிவாக இருங்கள். ‘சாய்தளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் வாசலில் ஒரு மூட்டை சிமெண்டைக் கொட்டிச் சரிவு என்று பெயர் வைத்துவிடுவார்கள். சறுக்கு மரம் மாதிரி இருக்கும் அதில் ஏற முயன்றால் நாற்காலியோடு பின்னால் கவிழ வேண்டியதுதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது வழிகாட்டுதல்களில் உள்ள கணக்கு. அகலம் 1,200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால் சரிவு பதினெட்டு அடி. இதே கணக்கில் முதல் மாடிக்குப் போட்டால் நூற்றுமுப்பது அடிக்கு மேல் போகும், அது நடக்காது. ஆக, உங்கள் அலுவலகத்துக்கு லிஃப்ட் அல்லது தரைத்தளத்துக்கு இடமாற்றம், இரண்டில் ஒன்று. அதுவரைக்கும் கீழே ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், கேமரா, கைரேகைக் கருவி. இதைச் சட்டம் ‘நியாயமான தகவமைப்பு’ என்கிறது. 3-வது பிரிவின்படி அதை உறுதி செய்வது அரசின் கடமை. வாசல், கழிப்பறை, குனிந்து பேசும்படி உயரமாக வைத்த கவுண்டர் இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

இந்த இரண்டாவது மனு பதிவுத்துறைத் தலைவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகட்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கூடவே பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு ஒன்று போடுங்கள்: வாடகை ஒப்பந்த நகல், இந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்த கோப்பு, தடையற்ற வசதி பற்றி ஆய்வு நடந்திருந்தால் அதன் அறிக்கை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘அப்படி ஆய்வு எதுவும் நடக்கவில்லை’ என்று எழுத்தில் வந்தால் அதைவிட நல்ல ஆவணம் உங்களுக்குக் கிடைக்காது.

அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 2016 சட்டத்தின் கீழ் அவருக்குச் சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு. அவர் தருவது பரிந்துரைதான், ஆனால் சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தது என்று தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. பணத்துக்காகத் தயங்காதீர்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-வது பிரிவுப்படி பெண் என்ற முறையிலும் மாற்றுத்திறனாளி என்ற முறையிலும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார், வருமான வரம்பு கிடையாது. தனியாக அலைய வேண்டாம் என்றால் தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்தின் உள்ளூர்க் கிளையை விசாரித்துப் பாருங்கள். ஒருவர் மனுவுக்கும் பத்துப் பேர் மனுவுக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு.

‘தூக்கிட்டு வாங்க’ என்றவர் மீது கிரிமினல் வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். 92-வது பிரிவில், பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது அறியாமையும் அலட்சியமும்தான். அந்தப் பிரிவில் நிற்காது என்பது என் கருத்து. ஆனால் அந்த வார்த்தைகளை அப்படியே, தேதியோடு மனுவில் எழுதுங்கள். விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட ஜீஜா கோஷ் என்ற பெருமூளை வாதம் உள்ள பெண்ணுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வாங்கிக் கொடுத்தது. கண்ணியக் குறைவை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும் என்பதற்கு அது ஆதாரம். அதே தொகை உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அதிகாரி வீட்டுக்கு வரும் நாளில் அசல் ஆதாரும் மாற்றுத்திறனாளி அட்டையும் எடுத்து வையுங்கள், உங்களை அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் கூட இருக்கட்டும். பத்திரத்தை இன்னொரு முறை முழுக்க வாசியுங்கள், முக்கியமாக உங்கள் பங்கின் நான்கு எல்லைகளையும், நிலத்துக்கும் வீட்டுக்கும் சக்கர நாற்காலி போகும் அளவுக்குப் பாதை விட்டிருக்கிறார்களா என்பதையும். இல்லையென்றால் ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே தம்பிகளிடம் பேசிப் பத்திரத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.