நண்டை வெட்டினா ஏன் ரத்தமே வரல?
ரத்தம் இருக்குங்க, நம்ம கண்ணுக்குத்தான் ரத்தமா தெரியல. கடலூர் முதுநகர்ல காலைல நண்டு வாங்கியாந்து ஓட்டைப் பிச்சா தண்ணியாட்டம் ஒண்ணு வழியுதுல்ல, அதுலதான் கலந்து போகுது. நமக்கு சிவப்பணு செல்லுக்குள்ள ஹீமோகுளோபின்னு ஆக்சிஜனைச் சுமக்கற புரதம், அதுல இரும்பு, அதான் சிவப்பு. நண்டுக்கு அதே வேலைக்கு ஹீமோசயனின், அதுல இருக்கறது செம்பு, அதுவும் செல்லுக்குள்ள கிடையாது, நேரா திரவத்துலயே கரைஞ்சி கிடக்கும், ஆக்சிஜனைப் புடிச்சா லேசா நீலம், விட்டுட்டா நிறமே இல்ல, ரத்தக்குழாயும் நம்மளாட்டம் முழுசா மூடுனது இல்ல, அப்படியே உறுப்புங்கள சுத்தி பரவிடும். கணவாவுக்கும் இதே நீலந்தான், ஆனா இதயம் மூணு (எனக்கே இது ஸ்கூல்ல தெரியாது!), ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு. இந்த மூணுல மீனுக்கு மட்டும் நம்மள மாதிரி சிவப்பு, வஞ்சிரம் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாக்கறோமே, அந்த சிவப்புதான்.