மரபணுக் கோளாறு, ஆனால் பரம்பரை இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 71. பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டார்கள். முதல் அறிக்கையில் 'எம்.எல்.எச்.1 புரதம் இல்லை', அடுத்ததில் 'மெத்திலேற்றம் உள்ளது' என்று இருக்கிறது. "பரம்பரையாக இருக்க வாய்ப்பு குறைவு" என்கிறார் டாக்டர். மரபணுவில் கோளாறு என்றால் பரம்பரைதானே? அந்த மெத்திலை மருந்து கொடுத்து நீக்க முடியாதா?

பதில்: முதல் அறிக்கை என்னைப் போன்ற நோயியல் மருத்துவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவது. கட்டியைச் சீவி, எம்.எல்.எச்.1 புரதத்துக்குச் சாயம் ஏற்றுவோம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகும். இப்படிப்பட்ட கட்டியில் புற்றுசெல்கள் வெறும் நீலமாக நிற்கும்; இடையில் புகுந்த வெள்ளணுக்கள் பழுப்பாகவே இருக்கும். பரம்பரைக் கட்டியிலும் இதே காட்சிதான், அதனால் சாயத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. அதற்குத்தான் இரண்டாவது பரிசோதனை.

பரம்பரை என்றால் மரபணுவின் எழுத்தே பிறவியில் மாறியிருக்கும். அம்மாவின் கட்டியில் எழுத்து அப்படியே இருக்கலாம். மரபணு தொடங்கும் இடத்தில் டி.என்.ஏ.வின் எழுத்துகளான சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து நெருக்கமாக வரும். வழக்கமாக அங்கே மெத்தில் என்ற சிறு வேதிக்குறி இருக்காது. கட்டியில் அந்தச் சைட்டோசின்கள் மீது மெத்தில் ஏறிவிடுகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் வந்து, டி.என்.ஏ.வை இறுகச் சுருட்டிவிடும். படிக்க வரும் நொதி உள்ளே நுழைய முடியாது. செல் பிரியும்போது டி.என்.எம்.டி.1 என்ற நொதி அந்தக் குறியைப் புது இழையிலும் பதித்துவிடும். எம்.எல்.எச்.1 வேலையோ டி.என்.ஏ. நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துவது. அது வாயை மூடினால் பிழைகள் குவியும்.

இந்த மெத்தில் பெரும்பாலும் வயதான காலத்தில் குடலில் ஏறுவது, பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே மெத்தில் ஏறியவர்கள் மிக அரிது, அவர்களுக்கு இளவயதிலேயே நோய் வரும். 71 வயதில் டாக்டர் சொல்வது சரியாகவே படுகிறது. கட்டியில் பி.ராஃப் என்ற மரபணுவில் மாற்றமும் இருந்தால் இன்னும் உறுதி.

மெத்திலைக் குறைக்கும் அசாசிட்டிடின் மருந்துக்கு எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்காக 2004இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அது ஒரு மரபணுவைத் தேடிப்போய்த் திறக்காது. எல்லா இடத்திலும் கை வைக்கும். குடல் புற்றுக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல.

அந்த அறிக்கைக்கு வேறு பயன் உண்டு. இவ்வகைக் கட்டி பரவியிருந்தால், பெம்புரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து நன்றாகக் கேட்கும். இரண்டாம் நிலை என்றால் ஃப்ளூரோயூராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. கட்டி எந்த நிலை என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.