பைப்பில் மரை போடுவது: கேளுங்கள், சொல்கிறேன்

போன மாதம் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய பேர் கையால் மரை போடுவதை, அதாவது பைப் நுனியில் திருகுப் புரி வெட்டுவதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் பைப் வந்த பிறகு இதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன், இத்தனை பேர் கேட்டதில் உண்மையிலேயே சந்தோஷம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அரை இஞ்ச் ஜிஐ பைப்புக்கு நானே டை (மரை வெட்டும் கருவி) வாங்கி மரை போட்டேன். எல்போ (வளைவு இணைப்பு) கையாலேயே கடைசி வரை போய்விடுகிறது. டெஃப்லான் டேப் பதினைந்து சுற்று சுற்றியும் சொட்டுகிறது. டேப் சரியில்லையா? (திண்டுக்கல் வாசகர்)

டேப் மேல் தப்பில்லை. எல்போ கையாலேயே கடைசி வரை போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டி டையைச் சுற்றியிருக்கிறீர்கள்.

பைப் மரை என்பது போல்ட் மரை மாதிரி நேராக இருக்காது, நுனியில் சிறுத்து உள்ளே போகப் போகப் பருத்துக்கொண்டே வரும். 16 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. கூடும் என்பது கணக்கு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவுதான் தண்ணீரை நிறுத்துகிறது, ஏனென்றால் எல்போ ஏற ஏற ஆப்பு இறங்குவது போல இறுகி இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்ளும், மிச்சம் இருக்கிற மயிரிழை இடைவெளியை மட்டும்தான் டேப்போ சணலோ அடைக்கும். டையின் பற்களிலேயே இந்தச் சரிவு இருக்கிறது. பைப்பின் நுனி பற்களின் வெளிமுகத்துக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டிச் சுற்றினால் நுனிப்பக்கம் ஒரே விட்டத்தில் நேர் மரையாகிவிடும். நேர் மரையில் எல்போ வழுக்கிக்கொண்டு போகும், எங்கேயும் கடிக்காது. அதற்கு மேல் நூறு சுற்று டேப் சுற்றினாலும் இன்று நிற்பது போல் நின்று ஆறு மாதத்தில் சுவரை நனைக்கும்.

சரியாக விழுந்த அரை இஞ்ச் மரையை எப்படித் தெரிந்துகொள்வது? டேப் இல்லாமல் எல்போவைக் கையால் சுற்றுங்கள். நாலு, நாலரை சுற்றில் கை இறுக வேண்டும். அதற்குப் பிறகு பைப் ரென்ச்சில் இன்னும் இரண்டரை முதல் மூன்று சுற்று ஏற வேண்டும். மரையின் மொத்த நீளம் 13 மி.மீ. சுமாருக்குத்தான் வரும், ஏழு மரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டே சுற்றில் கை இறுகினால் மரை ஆழம் போதவில்லை, மறுபடி டையைப் போட்டு இன்னும் கொஞ்சம் எடுங்கள். கையாலேயே முழுக்கப் போனால் வேறு வழி கிடையாது, அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரு இஞ்ச் பைப் போனால் போகட்டும். நான் வேலை பழகிய பட்டறையில் மேஸ்திரி ஒவ்வொரு மரையிலும் ஒரு காலர் சாக்கெட்டை (இரண்டு பைப்பை நேராகச் சேர்க்கும் இணைப்பு) கையால் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பைப்பை வைஸிலிருந்து கழற்றவே விடுவார், அந்தப் பழக்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

மரை வழவழப்பாக வராமல் பிய்ந்து பிய்ந்து வருகிறது. சில இடத்தில் பல்லே இல்லை. டை புதிதுதான். (திருப்பூர் வாசகர்)

இதற்குக் காரணம் ஒன்றல்ல, நீங்கள் எழுதியதை வைத்து எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் டையைக் கழற்றி நாலு பற்களையும், அதாவது மரையை வெட்டும் நாலு துண்டுகளையும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 1, 2, 3, 4 என்று எண் அடித்திருக்கும், டையின் உடம்பில் இருக்கும் காடியிலும் அதே எண் இருக்கும். சுத்தம் செய்யக் கழற்றியவர்கள் 2-ஐயும் 4-ஐயும் மாற்றிப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி மாறினால் ஒரு பல் வெட்டிய தடத்தை அடுத்த பல் அழித்துவிடும். புது செட்டிலும் இப்படி மாறி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பைப்பின் நுனி. ஹேக்ஸாவால் கோணலாக அறுத்திருந்தால் டை கோணலாகத்தான் ஏறும், ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் வெட்டும். ஒரு தாளின் நேர் ஓரத்தைப் பைப்பைச் சுற்றி ஒட்டிவைத்து, அந்தக் கோட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பைப்பைத் திருப்பித் திருப்பி அறுங்கள். இஞ்ச்சுக்கு 24 பல் உள்ள பிளேடு போதும். அறுத்த பிறகு வெளி விளிம்பை அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள், டைக்குப் பிடிமானம் கிடைக்கும். உள்பக்கப் பிசிரையும் அரை வட்ட அரத்தால் எடுத்துவிட வேண்டும். சக்கர கட்டரால் வெட்டினால் பிசிர் உள்பக்கமாகவே மடிந்து நிற்கும், அதை எடுக்காமல் விட்டால் துவாரம் குறுகி, துரு அங்கேதான் முதலில் சேரும். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று கூப்பிட்ட வீடுகளில் பைப்பைக் கழற்றினால் பாதி இடத்தில் இந்தப் பிசிர்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் சுற்றும் விதம். முதல் இரண்டு சுற்றுக்கு உள்ளங்கையால் டையைப் பைப்பை நோக்கி அழுத்திக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள், பிடித்துக்கொண்ட பிறகு அழுத்த வேண்டியதில்லை, அதுவே இழுத்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது ஒரு சின்ன ‘டக்’ கேட்கும், இரும்புச் சுருள் ஒடிந்து விழும் சத்தம் அது. சுருளை ஒடிக்காமல் ஒரே மூச்சில் சுற்றினால் அது பல்லுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு புதிதாக விழுந்த மரையையே பிய்த்துவிடும். சுருளைக் கையால் தட்டாதீர்கள், பிரஷ் வையுங்கள், பிளேடு மாதிரி வெட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரே நேர்கோட்டில் மட்டும் பிய்ந்தால் அது பைப்பின் ஒட்டுக்கோடு. ஜிஐ பைப் பெரும்பாலும் தகட்டைச் சுருட்டி ஓரத்தை வெல்டிங் செய்து வருவது, அந்தக் கோட்டில் இரும்பு கெட்டியாக இருக்கும். அந்த இடம் வரும்போது எண்ணெயை அதிகமாக விட்டு நிதானமாகத் தாண்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் விட்டு மரை போடலாமா? எங்கள் ஊர் பிளம்பர் ஓடிய என்ஜின் ஆயிலைத்தான் ஊற்றுகிறார். (பொள்ளாச்சி வாசகி)

ஒன்றிரண்டு மரைக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகப் போதும். நிறைய போடுவதென்றால் கட்டிங் ஆயில் வாங்கிவிடுங்கள், பற்களின் ஆயுள் கூடும். ஓடிய என்ஜின் ஆயிலைக் குடிநீர்ப் பைப்புக்கு விட வேண்டாம் என்று அவரிடம் நேராகவே சொல்லுங்கள். என்ஜினில் தேய்ந்த உலோகத்தூளும் எரிந்த கசடும் அதில் இருக்கிறது, புற்றுநோய் வரவைக்கும் பொருள்களும் உண்டு, உள்ளே வழிந்தது எளிதில் கழுவிப் போகாது. எந்த எண்ணெயாக இருந்தாலும் வேலை முடிந்ததும் பைப்புக்குள் துணி விட்டுத் துடைத்து, முதல் சில குடம் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் ராட்செட் டை செட் (கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டியே சுற்றுவது) வாங்கினேன். அரை இஞ்ச் மரை அழகாக விழுகிறது, ஆனால் கடையில் வாங்கிய எந்த எல்போவும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு இஞ்ச்சில் இரண்டு மூன்று சுற்றிலேயே சிக்கிக்கொள்கிறது. (சேலம் வாசகர்)

உங்களிடம் இருப்பது அமெரிக்க மரை டை. பல்லின் மேல் என்பிடி என்று பொறித்திருக்கும், பாருங்கள். நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும் ஜிஐ பிட்டிங் (எல்போ, சாக்கெட் போன்ற இணைப்புகள்) எல்லாம் பிஎஸ்பி, அதாவது பிரிட்டிஷ் மரை. பிரிட்டிஷ் பொறியாளர் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 பாகைக் கோணத்தின் வழியில் வந்தது அது. அமெரிக்க மரை 60 பாகை.

ஏமாற்றும் இடம் எது தெரியுமா, அரை இஞ்ச்சிலும் முக்கால் இஞ்ச்சிலும் இரண்டு வகைக்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான். அதனால் எல்போ ஏறும், ஏறிய பிறகு கசியும், ஆளைக் குழப்பிவிடும். ஒரு இஞ்ச்சில் நம்முடையது 11, அவர்களுடையது பதினொன்றரை, அதனால்தான் சிக்கிக்கொள்கிறது. செட்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, வாங்கும் முன் பிஎஸ்பிடி (பிஎஸ்பியின் சரிவு மரை) என்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஏ கிளாஸ் பைப் விலை குறைவு. அதில் மரை போட்டால் என்ன? (விருதுநகர் வாசகர்)

போடலாம், மரை நன்றாகவே விழும். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரை இஞ்ச் பைப்பில் மரையின் ஆழம் 1.16 மி.மீ. ஏ கிளாஸ், அதாவது மஞ்சள் பட்டை போட்டது, அதன் சுவரின் கனம் 2 மி.மீ. மரை வெட்டிய பிறகு பள்ளத்தில் மிஞ்சுவது 0.84 மி.மீ.தான், அதுவும் துத்தநாகப் பூச்சை வெட்டியெடுத்த வெறும் இரும்பு. நீலப்பட்டை பி கிளாஸ் 2.6 மி.மீ., அதில் 1.4 மி.மீ.க்கு மேல் நிற்கும். சிவப்புப் பட்டை சி கிளாஸ் 3.2 மி.மீ. பழைய ஜிஐ லைன் எங்கே ஒடிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நடுப் பைப்பில் அபூர்வம், எல்போவை ஒட்டி வெளியே தெரியும் கடைசி மரையில்தான் ஒடியும். உப்புத் தண்ணீர் ஊராக இருந்தால் பி கிளாஸுக்குக் குறைந்து வாங்காதீர்கள். இறுக்கி முடித்ததும் வெளியே தெரியும் மரைகளைத் துடைத்து, துத்தநாகப் பெயின்ட்டோ ரெட் ஆக்சைடோ அடித்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சணலா, டேப்பா? (தஞ்சாவூர் வாசகி)

இரண்டும் நல்லதுதான், எனக்கு ஜிஐ மரைக்குச் சணல் மேல் நம்பிக்கை அதிகம். திசை பார்க்க வேண்டியிருந்து இறுக்கிய எல்போவைக் கொஞ்சம் பின்னே திருப்பினால் டேப் பெரும்பாலும் கசிந்துவிடும், சணல் தாங்கும். சணல் வைக்கும் முன் ஹேக்ஸா பிளேடால் மரையின் முகடுகளை லேசாகக் கீறிச் சொரசொரப்பாக்குங்கள், இல்லையென்றால் எல்போ ஏறும்போது சணலெல்லாம் பின்னால் ஒதுங்கிவிடும். நுனியை உங்கள் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும், டேப்புக்கும் இதே திசைதான். மேலே பூசும் பேஸ்ட் விஷயத்தில் மட்டும் கவனம். பழைய டப்பாக்களில் வெள்ளை லெட், சிவப்பு லெட் என்று இருப்பது ஈயம். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் போகும் பைப்பில் ஈயத்தைத் தொடவே கூடாது. குடிநீருக்கானது என்று எழுதியிருக்கும் பேஸ்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

சுவருக்குள் இருக்கும் பைப் மரையோடு ஒடிந்துவிட்டது. சுவரை முழுக்க உடைக்காமல் அங்கேயே மரை போட முடியுமா? (காரைக்குடி வாசகர்)

முடியும், ராட்செட் டை இருந்தால். பைப்பைச் சுற்றி டையின் தலை நுழையும் அளவுக்கும், பின்னால் ஒரு பைப் ரென்ச் பிடிக்கும் அளவுக்கும் மட்டும் பூச்சைக் கொத்துங்கள். அந்த ரென்ச் ரொம்ப முக்கியம். டை சுற்றும் முறுக்கை அந்த ரென்ச் வாங்கிக்கொள்ளாவிட்டால் முறுக்கு சுவருக்குள் இருக்கும் அடுத்த எல்போவுக்குப் போகும், அது இத்தனை வருடம் சும்மா இருந்தது, நீங்கள் போனதும் கசிய ஆரம்பிக்கும். ஆனால் முதலில் ஒடிந்த வாயைப் பாருங்கள். பைப்பின் சுவர் துருவில் தகடு மாதிரி மெலிந்திருந்தால் டையை எடுக்காதீர்கள், மரை விழுவதற்குள் நசுங்கும். அப்போது நல்ல இரும்பு வரும் வரை கொத்திக்கொண்டு போவதுதான் வழி. இரண்டு பக்கமும் அசையாத லைனில் சேர்ப்பதென்றால் நடுவில் யூனியன் (பைப்பைச் சுற்றாமலே மாட்டிக் கழற்றும் இணைப்பு) வையுங்கள், அதையும் சுவருக்குள் புதைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில்.

எங்கள் தெருக் கைபம்பில் பைப்பை மாற்றினோம். கம்பி நீளம் அதிகமாக இருக்கிறது, வெட்டி மரை போடச் சொல்கிறார்கள். பைப் டையே போதுமா? (ராமநாதபுரம் வாசகர்)

போதாது. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது இந்தியா மார்க் 2. 1970-களில் யுனிசெஃப் துணையோடு உருவானது, அன்றைய மெட்ராஸில் இருந்த பொறியாளர்களுக்கும் பட்டறைகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. அதில் தண்ணீர் ஏறும் குழாய் 32 மி.மீ. ஜிஐ, 3 மீட்டர் துண்டுகள், அதற்குத்தான் பைப் மரை. உள்ளே போகும் கம்பி 12 மி.மீ., அதற்குப் போல்ட் மாதிரி நேர் மரை, எம்12 டை, 1.75 மி.மீ. இடைவெளி. மேல் கம்பியை அளந்து வெட்டி அந்த இடத்திலேயே மரை போடுவது அந்த பம்பைப் பொருத்தும் முறையிலேயே உள்ளதுதான், பயப்பட வேண்டாம்.

குழாயின் மரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தப் பைப் மீட்டருக்கு 3 கிலோ சுமார் இருக்கும், 30 மீட்டர் இறக்கினால் 90 கிலோ, அதோடு உள்ளே நிற்கும் தண்ணீரும் சேர்ந்து முழு பாரத்தையும் மேல் மரைகள்தான் தாங்குகின்றன. தேய்ந்த மரையுள்ள துண்டை ‘இன்னும் ஒரு வருடம் ஓடட்டும்’ என்று மேலே வைத்தால் மொத்தமும் கிணற்றுக்குள் போய்விடும். அந்தத் துண்டின் நுனியை வெட்டிப் புது மரை போடுங்கள், மரை போடும்போது பைப்பைக் கிணற்றின் வாயிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சுருள் ஒன்றுகூட உள்ளே விழக் கூடாது. கம்பியை அங்கேயே வெட்ட வேண்டியிருப்பதால் குழாயின் வாயைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஹேக்ஸாவை எடுங்கள்.

சமையல் கேஸ் பைப்புக்கும் இதே முறைதானா? (கோவை வாசகர்)

அதை நீங்கள் செய்ய வேண்டாம். தண்ணீர் கசிந்தால் சுவர் நனையும், கேஸ் கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் உயிர். இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட்டு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், அவர் சோதித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.