பாதி கையில், பாதி இன்ஜினில்: உடைந்த பிளாஸ்டிக் முனை பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: காரின் ஹீட்டருக்குப் போகும் ஹோஸை மாற்றும்போது, அது சொருகியிருந்த பிளாஸ்டிக் முனை ஒடிந்துவிட்டது. மரை உள்ள பாகம் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறது. ஈஸி அவுட் (ஒடிந்த திருகைப் பிடித்து எடுக்கும் கருவி) போட்டுத் திருகலாமா அண்ணா?

திருகலாம், ஆனால் அதை முதலில் எடுக்காதீர்கள். கூம்பாக இருக்கும் ஈஸி அவுட் உள்ளே இறங்க இறங்க பிளாஸ்டிக்கை வெளிப்பக்கம் விரிக்கும். விரிந்தால் மரை இன்னும் இறுகும், இல்லாவிட்டால் வளையம் தூள்தூளாகும்.

நான் முதலில் செய்வது சூட்டு வேலை. ஒரு பழைய தட்டை ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வண்டியைவிட்டுத் தள்ளி நின்று சூடாக்குங்கள். ஓட்டைக்குக் குறுக்கே வைத்து மெதுவாக அழுத்தினால், பிளாஸ்டிக் உருகி நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அப்படியே அசைக்காமல் ஆற விடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நன்றாக ஆறி இறுகிய பிறகு இடப்பக்கமாகத் திருப்பினால், பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் முழுசாகவே வந்துவிடும். புகை நல்லதில்லை, திறந்த வெளியில் செய்யுங்கள்.

வரவில்லையா? ஆக்ஸா பிளேடை ஃபிரேமிலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக் கையில் பிடியுங்கள். பற்கள் உங்களைப் பார்த்து இருக்கட்டும், இழுக்கும்போது அறுக்க வேண்டும். அப்போது தூளும் பெரும்பாலும் வெளியேதான் வரும். வளையத்தின் உட்பக்கத்திலிருந்து, சின்ன விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளியில் இரண்டு வெட்டு போடுங்கள். உலோகத்தின் பளபளப்பு தெரிவதற்கு முன்பே நிறுத்துங்கள். கடைசி மெல்லிய படலம் தானாக ஒடியும். இரண்டு வெட்டுக்கும் நடுவில் உள்ள துண்டை உட்பக்கமாக நெம்பி எடுத்துவிட்டால் வளையத்தின் பிடிப்பே போய்விடும். மீதியை நோஸ் பிளேயரால் சுருட்டி எடுக்கலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இதே இடத்தில் உளியும் சுத்தியலுமாக இறங்கினேன். முனை வந்தது, கூடவே அலுமினிய மரையில் இரண்டு சுற்றும் வந்தது. பிளாஸ்டிக் முனை மலிவு, அந்த மரை அப்படியில்லை.

கேள்வி: துண்டுகள் உள்ளே விழுந்துவிட்டால் இன்ஜின் போய்விடுமா?

இது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் வழி, பிஸ்டன் பக்கம் போகாது. ஆனால் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலோ, கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிலோ போய் அடைக்கும். ஆகவே அறுக்கும் முன் கொஞ்சம் துணியைக் கிரீஸ் தடவி உள்ளே செருகுங்கள். அதன் நுனி வெளியே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் துணியைத் தேட வேண்டியிருக்கும்! கடைசியில் வாக்குவம் போட்டு உறிஞ்சி, கிரீஸைத் துடைத்துவிட்டு, தண்ணீர் விட்டு அலசுங்கள். உடைந்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்துப் பார்த்தால் எது குறைகிறது என்பது தெரியும்.

கேள்வி: அசிட்டோன் ஊற்றிக் கரைக்க முடியாதா?

முடியாது. இந்த முனைகள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். அசிட்டோனுக்கு அசையாது, பக்கத்தில் இருக்கும் பெயின்ட்தான் கரையும்.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் லைனில் இருக்கும் கனெக்டர். அதே சூட்டு முறைதானே சார்?

வேண்டவே வேண்டாம். பெட்ரோல் லைன் பக்கத்தில் சூடு, தீப்பொறி எதுவும் கூடாது. அந்த லைனில் வண்டி நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். அதை இறக்கத் தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: கதவு டிரிம்மை (உட்பக்கப் பலகையை) பிடிக்கும் கிளிப் ஒன்று தலை ஒடிந்து ஓட்டையில் மாட்டியிருக்கிறது.

பின்பக்கம் கை எட்டினால் கிளிப்பின் சிறகுகளை நோஸ் பிளேயரால் அமுக்கி வெளியே தள்ளுங்கள். எட்டாவிட்டால் உள்ளே தட்டிவிடலாம், கண்ணாடி இறங்கும் வழியில் விழாத இடமாக இருந்தால்.

கேள்வி: லேசாகத்தான் தொட்டேன், அதற்கே ஏன் ஒடிந்தது? பித்தளையில் வாங்கிப் போடலாமா?

நீங்கள் ஒடிக்கவில்லை, அது ஏற்கெனவே நொறுங்கக் காத்திருந்தது. வருடக்கணக்கான சூட்டிலும் கூலன்ட்டிலும் நைலான் தன் வலுவை இழந்துவிடும். அதனால் பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்கவே கூடாது. ஹோஸை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள், நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள்.

உலோக முனை போடலாம். ஆனால் பிளாஸ்டிக்கை அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் ஒடியும், பித்தளையை அதிகம் இறுக்கினால் அலுமினிய மரை கிழியும். எதுவானாலும் முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருந்தால் புதிதாக, கொஞ்சம் கூலன்ட் தடவிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் கூலன்ட்டுக்கான ரப்பர் ஊதிப்போகும்.

கேள்வி: வேலை முடிந்தது, கசிவும் இல்லை. ஆனால் ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான் வருகிறது.

உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. இன்ஜினை முழுதாக ஆற விட்டு, கூலன்ட் ஊற்றும் மூடியைத் திறங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கூலன்ட் முகத்தில் பீறிடும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று நீக்கும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றுங்கள். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் அளவைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். அப்புறம் தரையில் சிந்திய கூலன்ட்டைக் கழுவிவிட்டீர்களா? இனிப்பாக இருக்கும், நாய் பூனை நக்கினால் விஷம்.