நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வலிக்கிறதே!

கழுத்து வலி, முதுகு வலி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் திருப்பூரில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

எனக்கு வயது 34. பனியன் கம்பெனியில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) டெய்லர். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடிய ராத்திரி ஆகிவிடும். மதியத்துக்கு மேல் கழுத்தும் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலும் எரிகிறது. 'கூன் போடாம நிமிர்ந்து உட்காரு' என்கிறார் வீட்டுக்காரர். செய்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பும் சேர்ந்து வலிக்கிறது. என்ன செய்யட்டும் அக்கா?
*வாசகி, பெருமாநல்லூர்*

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரரைச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் ஒரு மணி நேரம் விறைப்பாக உட்காரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் அந்த அறிவுரை வராது.

விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுத் தசைகள் ஓய்வில்லாமல் இறுகியே இருக்கும். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், அதனால் எரியும். குனிந்தே இருந்தால் கழுத்தின் பின்பக்கத் தசைகள் தலையைத் தாங்கித் தாங்கிச் சோர்ந்துபோகும். கூனிக் குறுகி உட்கார்ந்து வலியே இல்லாத டெய்லர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள் (துணைக்கு வந்தவர்கள்!). ஆணி அடித்தாற்போல நிமிர்ந்து உட்கார்ந்து வலியோடு வந்தவர்களும் உண்டு. எப்படி உட்காருகிறீர்கள் என்பதைவிட, அப்படியே எத்தனை நேரம் உட்காருகிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சரி, உங்கள் தலை ஏன் குனிகிறது? கருப்புத் துணியில் கருப்பு நூல் ஓட்டுகிற நாளில் வலி அதிகமா என்று கவனியுங்கள். ஆம் என்றால் பாதிப் பிரச்சினை வெளிச்சம். ஊசிக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டுகிற சின்ன எல்இடி விளக்கு கடைகளில் கிடைக்கிறது. சூப்பர்வைசரிடம் கேளுங்கள், தையல் பிசகுவது குறையும் என்று சொல்லியே கேளுங்கள். நாற்பது வயதை நெருங்கும்போது பக்கத்தில் உள்ளது சரியாகத் தெரிகிறதா என்று கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். கண் தெரியாததற்குக் கழுத்து வேலை செய்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது ஸ்டூல். ஐந்தடிப் பெண்ணுக்கும் ஐந்தே முக்கால் அடி ஆணுக்கும் கம்பெனியில் ஒரே உயர ஸ்டூல்தான். துணியைத் தள்ளும்போது முழங்கை மேசை மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். உங்களுக்கு மேசை உயரம் என்றால் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறும், நாள் முழுக்க இறங்காது. நீங்கள் சொல்லும் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பனியன் வேஸ்ட்டைத் திணித்து ஒரு கெட்டி மெத்தை தைத்து ஸ்டூலில் போடுங்கள், திருப்பூரில் வேஸ்ட்டுக்கா பஞ்சம்! மெத்தை போட்டதில் பாதம் தரையில் முழுதாகப் பதியவில்லை என்றால் மேசையைத்தான் இறக்க வேண்டும். பெரும்பாலான பவர் டேபிள் ஸ்டாண்டுகளில் அதற்கு போல்ட் இருக்கும், மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. பெடல் தள்ளிப் போயிருந்தால் அதையும் கிட்டே இழுத்து வைக்கச் சொல்லுங்கள். பெடலை எட்டுவதற்காக ஸ்டூல் நுனிக்கு நகர்ந்து உட்காருகிறவர்கள் நிறையப் பேர்.

தைக்க வேண்டிய பீஸ் கட்டு எங்கே இருக்கிறது? இடது பக்கம் தரையில் என்றால், ஒவ்வொரு கட்டுக்கும் இடுப்பை வளைத்து, அதே நேரத்தில் திருப்பியும் எடுக்கிறீர்கள். இடுப்பு வலிக்கு அது ஒன்றே போதும். பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: தண்ணீர் குடிக்கிறீர்களா? பாத்ரூம் போனால் பீஸ் குறையும் என்று பல பெண்கள் பாட்டிலைத் தொடுவதே இல்லை. குடியுங்கள், எழுந்து போய் வாருங்கள், அந்த நடையே உங்களுக்கு மருந்து. பாபின் மாற்றும்போதெல்லாம் தோளைப் பின்னால் இழுத்து, இரண்டு பட்டை எலும்பையும் நெருக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து மேலே கூரையைப் பாருங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஐடி வேலை, வயது 27, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப். கழுத்து வலி. கூன் நிமிர்த்தும் பெல்ட் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட வேண்டும்?
*வாசகர், கோவை*

திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள் தம்பி. பெல்ட் போட்டிருக்கும் வரை தோள் பின்னால் நிற்கும், கழற்றினால் பழைய இடம்தான். உங்கள் தசை செய்ய வேண்டிய வேலையை ரப்பர் செய்துகொண்டிருக்கும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான் சிக்கல். கைக்குத் தோதாக வைத்தால் கண் கீழே போகும், கண்ணுக்குத் தோதாக வைத்தால் கை அந்தரத்தில் நிற்கும். தனி கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். பரணில் கிடக்கும் என்ஜினீயரிங் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பை அதன்மேல் ஏற்றுங்கள். அந்தப் புத்தகங்கள் இப்போதாவது பயன்படட்டும். போன் மீட்டிங்கை நடந்துகொண்டே பேசுங்கள், கேமரா கேட்காத மீட்டிங்தானே பாதி.

செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ ஏறும் என்று ஒரு படம் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2014-ல் நியூயார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னது. தலையின் எடை சுமார் ஐந்து கிலோ, 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் விசை அவ்வளவு என்கிறது அந்தக் கணக்கு. மாதிரி ஒன்றை வைத்துப் போட்ட கணக்கே தவிர, அத்தனை பேர் கழுத்து கெட்டுப்போனதைப் பார்த்துச் சொன்னதல்ல. பயப்பட வேண்டாம். போனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள், கை வலித்தால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டுமே லாபம்தான்.

முதுகு வலி என்றால் தலையணை இல்லாமல் தரையில் பாய் போட்டுப் படுக்க வேண்டும் என்கிறார்கள். படுத்தால் காலையில் எழவே முடியவில்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது வலி உயிர் போகிறது. வயது 58.
*வாசகி, கரூர்*

பாயில் படுத்து நன்றாக இருப்பவர்கள் தாராளமாகப் படுக்கட்டும். உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் அது வைத்தியமே அல்ல. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரைக் கெட்டி மெத்தையிலும் நடுத்தரக் கெட்டி மெத்தையிலும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே அதிகம் குறைந்தது (2003). குழி விழாத இலவம்பஞ்சு மெத்தை போதும், வெயிலில் காயவைத்துத் தட்டிப் போடுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புகிற உயரத்துக்குத் தலையணை வேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

கோலத்துக்கு வருகிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகள் ராத்திரியில் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் போல உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டுக்கு அழுத்தம் கூடுதல். எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்க்கப் பழகியவர்களுக்கு வலி குறைந்ததாக 1998-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் ஏழு மணிக்குக் கோலம் போடுங்கள் என்று கரூர்க்காரரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நாள் மருமகளோ மகனோ (ஆமாம், மகனும்தான்) போடட்டும். நீங்களேதான் போடுவேன் என்றால் எழுந்ததும் வீட்டுக்குள் சற்று நடந்துவிட்டு, காபியும் குடித்துவிட்டு வாசலுக்குப் போங்கள். தெளிக்க, கூட்ட நீளக் கைப்பிடி துடைப்பம். கோலத்துக்கு, நின்றபடி இடுப்பை மடித்துக் குனியாமல், முக்காலி போட்டு உட்கார்ந்து, சின்னதாக. மார்கழி வருவதற்குள் சரியாகிவிடும்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள். நாள் பூரா நின்றே இருப்பதில் இடுப்பு விட்டுப்போகிறது. ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் முறைக்கிறார்.
*வாசகி, சென்னை*

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாடு 2021-லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டது. கேரளம் அதற்கு முன்பே செய்தது. ஸ்டூல் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தனியாகக் கேட்காதீர்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். அதுவரை கவுன்டருக்குக் கீழே காலியான அட்டைப்பெட்டியோ மரப்பலகையோ போட்டு ஒரு காலை மாற்றி ஒரு காலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு வளைவில் இழுப்பு குறைவது உடனே தெரியும். தட்டைச் செருப்பை மாற்றிக் குதிகால் மெத்தென்று இருப்பதை வாங்குங்கள்.

கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து தூக்குவதா, உட்கார்ந்து தூக்குவதா?
*வாசகர், தஞ்சாவூர்*

தூக்கவே தூக்காதீர்கள். கேஸ் 14.2 கிலோ, இரும்புக் கூடு அதே அளவுக்குக் கொஞ்சம் மேல், சேர்த்தால் முப்பது கிலோ வருகிறது. லேசாகச் சாய்த்து அடிவளையத்தின் மேல் உருட்டுங்கள், சிலிண்டர் போடுகிற தம்பி செய்வதைப் பார்த்திருப்பீர்களே. அரிசி மூட்டை போன்று தூக்கியே ஆக வேண்டியதென்றால் உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். ஜெர்மனியில் ஒருவரின் முதுகு வட்டுக்குள்ளேயே அழுத்தமானி வைத்து 1999-ல் அளந்தார்கள். சும்மா நிற்கையில் 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்றபோது 1.1 தான். ஒரே ஆள்தான், ஆனாலும் மூட்டை சுமக்கிறவர்கள் அனுபவத்தில் அறிந்ததைத்தான் அந்த அளவு சொல்கிறது. பிடித்த இடுப்புக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடக்கத் தொடங்குங்கள். வாரக்கணக்கில் படுத்தால் தசை இளைத்து வலி நீளும்.

லாரி டிரைவர், வயது 45. ஸ்கேனில் எல்4-எல்5 வட்டு (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ளது) பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இனி வண்டி ஓட்ட முடியாதா? இடுப்பு பெல்ட் கட்டினால் போதுமா?
*வாசகர், நாமக்கல்*

அந்த ரிப்போர்ட்டைப் படித்துப் படித்தே வலி கூடிய ஆட்களை எனக்குத் தெரியும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015 ஆய்வில், இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு வட்டு பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். முடி நரைப்பதைப் போன்ற மாற்றம் பல பேருக்கு. உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பதை உங்களைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு பெல்ட்டைப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் சொல்கிறது.

பின் பாக்கெட்டில் உள்ள பர்ஸை முதலில் முன்னால் மாற்றுங்கள். கிளட்சை முழுதாக மிதிக்கும்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னுக்கு நகர்த்துங்கள். துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வையுங்கள். நெடுந்தூரம் ஓட்டி இறங்கியதும் உடனே தார்ப்பாய்க் கயிற்றை இழுக்கப் போகாதீர்கள், ஒரு டீ குடிக்கிற நேரம் நடந்துவிட்டு அப்புறம் இழுங்கள்.

ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அடக்க முடியாமல் போனாலோ, மலம் போவது தெரியாவிட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டாலோ லோடு எங்கே இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வரும் முதுகு வலி இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை இரண்டு பக்கமும் திருகி நெட்டி முறிக்கிறார்கள். சுகமாக இருக்கிறது. தொடரலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்புகளுக்குள் நுழைந்துதான் மேலே ஏறுகின்றன. சட்டென்று திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் நெட்டி முறிக்காமல் இருப்பதால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. தலையில் எண்ணெய் வைத்து மசாஜ் செய்யச் சொல்லுங்கள், அதற்குத் தடை இல்லை.