கரையோரச் சந்தில் நடப்பவரும் சைக்கிளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நீர்க்கரையை ஒட்டியிருந்த பழைய சரக்குக் கிடங்குகளை இடித்துவிட்டு எங்கள் பகுதியில் புதிய குடியிருப்புகள் கட்டுகிறார்கள். இரு வரிசைக் கட்டடங்களுக்கு நடுவே, வண்டிகள் நுழையாத 7 மீட்டர் அகலச் சந்து ஒன்று கரைவரை போகும். நடப்போரையும் சைக்கிளில் செல்வோரையும் ஒரே தளத்தில் விடுவதா, கோடு போட்டுப் பிரிப்பதா என்று கூட்டத்துக்குக் கூட்டம் வாக்குவாதம் நடக்கிறது. எது சரி?

பதில்: அதற்கு முன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சந்தில் நுழையும் சைக்கிள்கள் எங்கே போகின்றன? கரையில் வந்து நிற்பவர்கள்தான் என்றால் ஒரே தளம் போதும். கூட்டமே வேகத்தைக் குறைத்துவிடும். ஆனால் சந்துக்கு அப்பால் ஒரு பாலமோ ரயில் நிலையமோ இருந்து, காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அதைக் குறுக்குவழியாகப் பயன்படுத்துவார்கள் என்றால், மணிக்கு 5 கிலோமீட்டரில் நடப்பவரையும் 20 கிலோமீட்டரில் வருபவரையும் ஒரே தளத்தில் விட்டுவிட்டு ‘மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை மாட்டுவதால் பயன் எதுவும் இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகத்தில் இதே சிக்கல் இருந்தது. பாலத்தைக் கடந்து வந்த சைக்கிள்காரர்கள் கரையில் உலவுவோருக்கு இடையே புகுந்து, படிக்கட்டில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியிருந்தது. 2014இல் சைக்கிளுக்கென்றே கரைக்கு மேலே வளைந்து செல்லும் ஆரஞ்சு நிறப் பாலம் ஒன்றைக் கட்டிய பிறகு, கீழே உள்ள கரை நடப்பவர்களுக்கே விடப்பட்டது.

உங்கள் சந்து குறுக்குவழியாகும் என்றே வைத்துக்கொள்வோம். கட்டடங்களின் வாசல்கள் இரு பக்கமும் திறப்பதால், சைக்கிள் தடத்தைச் சுவரோரம் வைக்கக் கூடாது. கதவைத் திறந்து ஓடிவரும் குழந்தை நேரே சக்கரத்தின் முன் வந்து நிற்கும். நடுவில் 3 மீட்டர் இருவழித் தடம், இரு பக்கமும் 2 மீட்டர் நடைபாதை என்றால் 7 மீட்டர் சரியாக இருக்கும். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் 2 மீட்டரில் ஒதுங்கிச் செல்லலாம். பிரிப்பதற்கு வெறும் வண்ணக்கோடு போதாது, ஏனென்றால் பார்வையற்றவரின் வெள்ளைக்கோலுக்கு வண்ணம் தெரியாது. சுமார் 6 சென்டிமீட்டர் உயரமுள்ள விளிம்புக்கல்லை, சைக்கிள் பக்கம் சாய்வாகச் செதுக்கிப் பதித்தால், கோலுக்கும் அது தட்டுப்படும், தவறி ஏறும் சக்கரமும் வழுக்கி விழாது. அவசரத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்தாலும் அதன் மேல் ஏறிச் சென்றுவிடும்.

கேள்வி: கிடங்குகளுக்குச் சரக்கு கொண்டுவந்த பழைய தண்டவாளங்களைத் தரையிலேயே விட்டுவைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆபத்தில்லையா?

பதில்: ஆபத்துதான், ஆனால் அதற்காகப் பிடுங்கி எறியவேண்டியதில்லை. தண்டவாளத்தை ஒட்டிய பள்ளம் சைக்கிள் டயரை அப்படியே கவ்விக்கொள்ளும். மழை பெய்து இரும்பு நனைந்துவிட்டால் பள்ளமே தேவையில்லை, இரும்பின் மேலேயே சக்கரம் சறுக்கும். சைக்கிள் செல்லும் திசைக்கு இணையாகத் தண்டவாளம் கிடப்பதுதான் மிக மோசம். 60 முதல் 90 பாகைக் கோணத்தில் குறுக்கே கடக்கும்படி தடத்தை வளைத்துவிட்டால் தொல்லை பெரிதும் குறையும். நடைபாதைப் பக்கம் விட்டுவைக்கும் பகுதியிலும் பள்ளத்தை நிரப்பிவிடச் சொல்லுங்கள், சக்கர நாற்காலியின் முன்பக்கச் சிறு சக்கரத்துக்கும் அதே கதிதான். மழைநீர் வடிகாலின் மூடிக்கும் இதே விதி பொருந்தும்: அதன் துளைகள் பயணத் திசைக்குக் குறுக்காகவே இருக்கவேண்டும். கரையோரங்களில் ஆசையோடு போடுகிற மரப்பலகைத் தளமும் அப்படித்தான். பலகைகளை நீளவாக்கில் அடுக்கினால் இடைவெளியில் டயர் மாட்டும். குறுக்காக அடுக்கினாலும் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் சைக்கிள் தடத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: கட்டடங்களுக்கு இடையிலிருந்து சிறுவர்கள் திடீரென்று ஓடிவருவார்களே, சந்தின் வாயிலில் வளைத்து வளைத்துச் செல்லும் கம்பித் தடுப்பு வைத்தால் வேகம் குறையாதா?

பதில்: குறையும். கூடவே மூன்று சக்கர சைக்கிளும், குழந்தை வண்டியும், சக்கர நாற்காலியும் உள்ளே வரமுடியாமல் போகும். யாருக்காகச் சந்து போடுகிறோமோ அவர்களையே வெளியே நிறுத்துகிற ஏற்பாடு அது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் வருபவர் ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 15 மீட்டர் வேண்டும். ஆகவே பார்வையை மறைக்கும் சுவரின் மூலையைச் சரிவாக வெட்டி, அங்கு வைக்கும் செடிகளை முழங்கால் உயரத்துக்குமேல் வளராதவையாகத் தேர்ந்தெடுத்து, அந்த 15 மீட்டரும் இருவர் கண்ணிலும் படும்படி செய்யவேண்டும். இடமில்லாத மூலையில் சைக்கிள் தடத்தை நடைபாதை மட்டத்துக்கு மெல்ல உயர்த்தி, நடப்பவர்கள் குறுக்கே கடக்கும் இடமாக்கிவிடலாம்.

கேள்வி: அலை ஏறும் நாட்களில் கரை நனைகிறது. சந்தின் தளத்தை உயர்த்திவிடலாமா?

பதில்: முழுவதையும் உயர்த்தினால் நீரை எட்டிப்பார்க்க மட்டுமே முடியும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், பழைய துறைமுகத்தில் எழுந்த ஹாஃபன்சிட்டி பகுதியில் கட்டடங்களும் தெருக்களும் கடல்மட்டத்துக்கு 8 முதல் 9 மீட்டர் உயரத்தில் நிற்க, நீரோர உலாவிடங்கள் தாழ்வாகவே விடப்பட்டு, வெள்ளம் வரும்போது நனைந்துகொள்கின்றன. உங்கள் சைக்கிள் தடம் மேல்மட்டத்தில் இருக்கட்டும். அங்கிருந்து கரைக்கு இறங்கும் சரிவு 20க்கு 1 (20 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், சக்கர நாற்காலியில் வருபவர் யார் துணையுமின்றி மீண்டும் மேலே ஏறிவந்துவிடலாம்.